ஃபரித் கட்டிய முடிச்சு

ஹம், ஜேர்மனி
5 நவம்பர் 2023

அப்பாவுக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரை எழுதாமல் விட்டால் நீங்கள் திறந்து வாசிப்பீர்கள் என்று நினைத்தேன். பிறகு அது களவு வேலை என்று பட்டது. எழுதிவிட்டேன்.

அம்மாவின் செத்தவீட்டுக்கு ரொறன்ரோ வந்து திரும்பி ஒரு வருசமும் ஐந்து மாதமும் ஆகிறது. அந்த மூன்று நாளும் நீங்கள் என்னோடு கதைத்தது ஒரே ஒரு வசனம். 'சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா.' குறையாகச் சொல்லவில்லை. அதற்கு முந்திய பதின்மூன்று வருசமும் அதுகூட இல்லை.

ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன்.

ஆப்கானிஸ்தானில் எங்கள் பிரிவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளன் இருந்தான். பெயர் ஃபரித். என்னைவிட ஒரு வயது மூத்தவன். 2010 நவம்பரில், நான் அங்கே போய் மூன்றாவது மாதத்தில், எங்கள் வண்டி கண்ணிவெடியில் சிக்கிய நாளில் இறந்துபோனான். அவனுடைய தகப்பன் கயூம் என்பவரும் தங்கை ஷுக்ரியாவும் போன வருசம் கனடாவுக்கு அகதிகளாக வந்திருக்கிறார்கள். எங்களோடு வேலை செய்த மொழிபெயர்ப்பாளர்களின் குடும்பங்களைத் தேடுகிற பழைய சிப்பாய்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள்தான் விலாசம் எடுத்துத் தந்தார்கள். வரைபடத்தில் பார்த்தேன். உங்கள் கட்டடத்திலிருந்து ஸ்டீல்ஸ் வீதி பஸ்ஸில் கால் மணித்தியாலம்.

இதனோடு ஒரு சின்னப் பெட்டி வரும். அதற்குள் இருப்பது எனக்கு 2011இல் தந்த பதக்கம். அதைக் கயூமிடம் கொடுக்க வேண்டும். 'இது ஃபரித்தின் வீட்டில் இருக்க வேண்டியது' என்று மட்டும் சொன்னால் போதும். வேறு ஒன்றும் விளக்க வேண்டாம்.

என் தமிழ் உங்கள் சனிக்கிழமை வகுப்போடு நின்றுபோன தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷாந்

———

மில்லிக்கன், ரொறன்ரோ
28 நவம்பர் 2023

மகன் கிருஷாந்துக்கு,

கடிதமும் பெட்டியும் கிடைத்தன. பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெள்ளி நிறச் சிலுவை, சுற்றிவரச் சிவப்புக் கரை. மூடி, அம்மாவின் சேலைகள் இருக்கிற லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். நான் அதை எங்கும் கொண்டுபோக மாட்டேன்.

காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போகிற பாடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் பிழை விடுவார்கள்.

1990இல், மட்டக்களப்பில், அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நானும் அம்மாவும் இரண்டு வயது நீயும் உன் சித்தப்பா இராஜரட்ணமும் இருந்தோம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு காலையில் சீருடை போட்டவர்கள் வந்து ஆண்களை வரிசையில் விட்டார்கள். நான் ஆசிரியர் என்று அட்டையைக் காட்டினேன். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் கைமணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்தான். 'வந்து வாங்கிறன் அண்ணன்' என்றான்.

முப்பத்து மூன்று வருசம். செத்தான் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. திதி தெரியாததால் ஒரு திவசம்கூடச் செய்ய முடியவில்லை. அந்தப் பஸ்ஸில் கூடப் போன சிப்பாய்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் யாருக்கோ தெரியும். அவர்களுக்கும் இப்போது வயது போயிருக்கும். ஒருவன் பதக்கமும் வாங்கியிருப்பான்.

2009 மே மாதத்தில் ஊரில் எல்லாம் முடிந்தது. நான் இரவு பகலாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். ஜூலையில் நீ சீருடையோடு வந்து நின்றாய். உன் கைச்சட்டையில் இருந்தது வேறு நாட்டுக் கொடி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சூடு கண்ட பூனைக்கு எந்த வீட்டு அடுப்பு என்ற கணக்கு இல்லை, மகன்.

இன்னொன்று. விடை தெரியாத பிள்ளை தாளை வெறுமையாகத் தரும். விடை தெரிந்தும் பயப்படுகிற பிள்ளைதான் எழுதி எழுதி அழிக்கும். உன் கடிதத்தில் நாலு இடத்தில் வெள்ளை மை பூசியிருக்கிறது. ஒருவனுக்குப் பரிசு கிடைத்தால், எதற்குக் கிடைத்தது என்றுதான் முதலில் சொல்லுவான். நீ அதை எழுதவில்லை.

அம்மா இருந்த காலத்தில் நீ போனில் கத்திக் கத்திக் கதைப்பாய். குசினியில் நிற்கிற எனக்கே கேட்கும். பெற்ற தாயோடு இப்படி அதிகாரம் பண்ண இவனை எந்தப் பட்டாளம் பழக்கியது என்று நினைப்பேன். கடிதத்தில் அந்தச் சத்தம் இல்லை. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உன் தங்கை மதுரா ஞாயிற்றுக்கிழமைகளில் யூனியன்வில்லிலிருந்து வந்து கறிகளைப் பெட்டி பெட்டியாகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டுப் போவாள். ஒவ்வொரு பெட்டியிலும் கிழமையின் பெயர் ஒட்டியிருக்கும். இன்று செவ்வாய் என்பதை அதைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

அப்பா

———

ஹம்
17 டிசம்பர் 2023

அப்பாவுக்கு,

சத்தத்துக்கான காரணத்தை முதலில் எழுதுகிறேன். எனக்கு வலது காது கேட்காது. அந்த வெடியில் போய்விட்டது. இடது காதும் பாதிதான். என் குரல் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிவதில்லை. அம்மாவுக்குத் தெரியும். 'இடக் காதில வச்சுக் கத மனே' என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவா. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டிருந்தேன். சொன்னால், நீயே தேடிப்போய் வாங்கியது என்பீர்கள் என்று பயம்.

அந்த ஜூலையைப் பற்றியும் எழுதுகிறேன். கட்டாயச் சேவைக்குப் பதிலாக முதியோர் இல்லத்தில் ஒன்பது மாதம் வேலை செய்கிற படிவத்தை நீங்களே நிரப்பி, நான் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டுத் தந்தீர்கள். நான் அதை அனுப்பவில்லை. மே மாதம் முழுக்க நீங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் அழுவதை வாசலில் நின்று பார்த்தேன். இருபத்தொரு வயதில், அழுகிற பக்கத்தில் நிற்கக் கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்கவில்லை.

முதல் விடுமுறைக்கு நம் ஹம் வீட்டுக்கு வந்து மணி அடித்தேன். கதவில் இருக்கிற கண்ணாடித் துவாரம் இருண்டது. நீங்கள் மறுபக்கம் நின்றீர்கள். இருபது நிமிசம் நானும் நின்றேன். மாடியிலிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரி, வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்டா. இல்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு, நீங்கள் இரண்டு பேரும் மதுராவிடம் கனடாவுக்குப் போகும்வரை, அம்மாவைக் கோயில் வாசலில்தான் சந்தித்தேன்.

ஃபரித்தைப் பற்றிக் கேட்பீர்கள். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஆட்கள் நேரே என்னிடம் வந்து தங்கள் மொழியில் கதைக்கத் தொடங்குவார்கள். என் நிறத்தைப் பார்த்து நான்தான் மொழிபெயர்ப்பாளன் என்று நினைப்பார்கள். ஃபரித் பூனைக்கண்ணன், வெள்ளைத் தோல். அவனைப் பார்த்து ஒதுங்குவார்கள். 'நீ துவக்கைத் தா, நான் உன்ர வேலையைப் பாக்கிறன். நீ என்ர வேலையைப் பார், சம்பளம் குறைவு, ஆனா எல்லாருக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு' என்பான். இங்கிலிஷில்தான் சொல்லுவான். எனக்கு அது எப்போதும் தமிழில்தான் நினைவு வருகிறது.

பதக்கம் எதற்கு என்று கேட்டீர்கள். தாளில் எழுதியிருப்பது இது: 'காயப்பட்ட தோழனை எதிரியின் சூட்டுக்கு நடுவில் இழுத்து வந்து உயிர் காத்ததற்காக.' தோழனின் பெயர் மார்ட்டின். இப்போதும் நத்தார்ப் பண்டிகைக்கு அட்டை அனுப்புவான்.

நான் இராணுவத்தை விட்டுப் பன்னிரண்டு வருசம். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நீங்கள் புள்ளடி போட்டுத் தந்த படிவத்தில் இருந்த அதே இல்லம்.

கிருஷாந்

———

மில்லிக்கன்
21 ஜனவரி 2024

அன்புள்ள மகன் கிருஷாந்துக்கு,

காதைப் பற்றி நீ எழுதியதை வாசித்துவிட்டு அன்று சமைக்கவில்லை. பதின்மூன்று வருசத்துக்கு முன் பிழை என்று சிவப்புக் கோடு போட்ட விடைத்தாளை, ஓய்வு பெற்ற பிறகு எடுத்துப் பார்த்துச் சரி என்று காண்கிற ஆசிரியர் எங்கே போய் அந்தப் பிள்ளையைத் தேடுவார்?

அடுத்த நாள் பஸ் எடுத்துப் போனேன். பதக்கத்தைக் கொண்டுபோகவில்லை. ஐந்து தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது ஷுக்ரியா. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை, நல்ல இங்கிலிஷ். தகப்பன் பகல் முழுக்கப் பக்கத்துக் கடைத்தொகுதி மோலில்தான் இருப்பார் என்றாள். அங்கே போனால், ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைக்கு முன்னால் உள்ள மேசைகளில் நம்முடைய ஆட்கள், சீனர், எல்லாரும் குளிருக்கு ஒதுங்கிய கிழவர்களாக இருக்கிறார்கள். தனி மேசையில், சாம்பல் நிற அரைக்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக ஒரு நெடிய மனிதர் ஒரு பணிஸ் ரொட்டியை விரலால் அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் கயூம். முப்பது வருசம் ரொட்டி சுட்டவர். கைகள் இரண்டிலும் முழங்கை வரை தணலின் தழும்பு. என்னைக் கண்டதும் பணிஸைக் காட்டி, 'கொட்டன்' என்றார். பஞ்சாம். அதுதான் எங்கள் முதல் சம்பாஷணை.

அவரிடம் இருபது இங்கிலிஷ் சொல் இருக்கும். என்னிடம் தேவைக்கு மேல் இருக்கிறது, பயனில்லை. நான் கிருஷாந்தின் தகப்பன் என்பதை ஷுக்ரியா அவருக்குச் சொல்லியிருந்தாள். உன் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. ஃபரித் தங்கையிடம் போனில் உன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பானாம். அதற்குப் பிறகு செவ்வாயும் வியாழனும் போய் அவரோடு இருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் பேசுவதில்லை. ஒருவர் தேத்தண்ணி வாங்கினால் அடுத்த முறை மற்றவர். அம்மா போன பிறகு, நான் எழும்பிப் போகிற நேரத்தைப் பார்த்து 'இருங்கோ' என்று கையால் காட்டிய முதல் ஆள் அவர்தான்.

நேற்றுச் சனிக்கிழமை. ஷுக்ரியாவும் வந்திருந்தாள். கயூம் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். உங்கள் இராணுவம் அந்த நேரம் அனுப்பியது. ஃபரித் அந்த இடத்திலேயே, வேதனை இல்லாமல், ஒரு நொடியில் இறந்தான் என்று இரண்டு மொழியில் எழுதியிருந்தது.

அதை மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னதை ஷுக்ரியா எனக்குச் சொன்னாள். உடலை அவரிடம் கொடுத்தபோது இடது தொடையில் ஒரு கட்டு இருந்ததாம். ஃபரித்தின் சால்வைதான். இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு பேனையை வைத்து முறுக்கி, முடிச்சுப் போட்டிருந்ததாம். அது மாவு மூட்டை கட்டுகிற முடிச்சு. எட்டு வயதில் ஃபரித்துக்கு அவர் பேக்கரியில் பழக்கியது. அந்த முடிச்சை வேறு ஒருவரும் போட்டிருக்க முடியாது.

பிறகு என்னை நேரே பார்த்துக் கேட்டார். அதை அப்படியே எழுதுகிறேன். 'ஒரு நொடியில செத்தவன் முடிச்சுப் போடுவானா? உங்கட மகனிட்டக் கேளுங்கோ. அவன் எவ்வளவு நேரம் இருந்தான்?'

பதின்மூன்று வருசமாக அந்தக் கடிதத்தையும் அந்த முடிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மகன். எனக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் முகாமில் என்னைத் தள்ளி நிற்கச் சொன்ன இடத்திலேயே இன்றும் நிற்கிறவன் நான். அவரையும் அங்கேயே நிற்க விட என்னால் முடியாது.

வெள்ளை மை பூசாமல் எழுது. பிழைக்கு நான் புள்ளி குறைக்க மாட்டேன்.

அப்பா

———

ஹம்
11 பெப்ரவரி 2024

அப்பாவுக்கு,

நாற்பது நிமிசம்.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும், யாரும் பேசுவதில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

வண்டி புரண்டது. நான் வெளியே வந்து ஒரு மண்மதிலுக்குப் பின்னால் கிடந்தேன். ஒரு காதில் ஒன்றும் கேட்கவில்லை. வயல் பக்கத்திலிருந்து சுடுகிறார்கள். தூசி அடங்கியபோது இரண்டு பேரைக் கண்டேன். மார்ட்டின் பாதையில் கிடந்தான். ஃபரித் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தான். இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே தூரத்தில் இருந்தார்கள். பிறகு எத்தனையோ தரம் மனதுக்குள் அளந்து பார்த்திருக்கிறேன். மார்ட்டின் கிட்ட இருந்தான் என்று ஒருமுறையாவது வராதா என்று பார்த்திருக்கிறேன். வரவில்லை.

மார்ட்டின் சீருடை போட்டிருந்தான். ஃபரித் சால்வை போட்டிருந்தான். நான் யோசிக்கவில்லை, அப்பா. யோசித்திருந்தால் அதுவேனும் ஒரு முடிவாக இருந்திருக்கும். கை தானாகச் சீருடையை இழுத்தது.

இழுத்து வந்துவிட்டுத் திரும்பப் போக எழும்பினேன். என் தளபதி காலைப் பிடித்து விழுத்தினார். அதற்குப் பிறகு மதிலுக்கு மேலே தலை தூக்க முடியாத அளவுக்குச் சூடு. ஃபரித் முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். 'வாறன், வாறன்' என்று கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. பிறகு அவன் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். தன் மொழியில் ஒரு வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னான். கூப்பிடுகிற மாதிரி இல்லை. கெஞ்சுகிற மாதிரியும் இல்லை. வீட்டுக்குள் இருக்கிற ஒருவரிடம் கதைக்கிற மாதிரி இருந்தது. என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லக் கூடியவன் அவன் ஒருவன்தான்.

ஒலி மட்டும் ஞாபகம் இருக்கிறது. மிஞ்சிய காதில் தெளிவாக விழுந்தது அது ஒன்றுதான். ஜேர்மன் எழுத்தில் அதை எழுத விருப்பமில்லை. தமிழில் எழுதி, அம்மா தந்த சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒருவரிடமும் காட்டி அர்த்தம் கேட்கவில்லை. கேட்கப் பயம். அப்படியே எழுதுகிறேன்.

பதர் ஜான், தர்வாஸா ரா வாஸ் கோ.

நாற்பது நிமிசத்துக்குப் பிறகு உதவி வந்தது. நான்தான் முதலில் அவனிடம் போனேன். சால்வை முடிச்சை நானும் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால் என்று நினைத்தேன். அவனிடம் ஒரு கைதான் இருந்தது வேலை செய்ய.

ஆறு மாதத்தில் பதக்கம் தந்தார்கள். எழும்பி நின்று வாங்கினேன்.

கயூமுக்கு இதைச் சொல்வதா விடுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அவர் உங்களோடு இருக்காமல் எழும்பிப் போய்விட்டால் அது என்னால்தான். அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கிருஷாந்

———

மில்லிக்கன்
17 மார்ச் 2024

அன்புள்ள மகன் கிருஷாந்துக்கு,

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒழுங்காகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். சொல்லாமல் விடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அவருக்காக அல்ல. செவ்வாயும் வியாழனும் எனக்கு இல்லாமல் போய்விடும் என்றுதான். பிறகு லாச்சியைத் திறந்து தம்பியின் மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

அந்த ஒரு வரியைக் குசினியில் நின்று பாடமாக்கினேன். அர்த்தம் தெரியாத தேவாரத்தை முதலாம் வகுப்புப் பிள்ளை மனனம் பண்ணுகிற மாதிரி. எங்கே மூச்சு விடுவது என்றுகூடத் தெரியவில்லை.

பெப்ரவரி கடைசிச் சனிக்கிழமை. நான் உன் கடிதத்தை இங்கிலிஷில் சொல்லச் சொல்ல, ஷுக்ரியா தகப்பனுக்குச் சொன்னாள். சீருடை, சால்வை என்று நீ எழுதிய இடத்தில் அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். சொல்லு பிள்ளை என்றேன். சொன்னாள். அவர் மேசையைப் பார்த்தபடி இருந்தார். நாற்பது நிமிசம் என்றதும் தலையை ஆட்டினார். அந்த விடையை அவர் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார் போலிருந்தது.

கடைசியில், 'உங்கட மகன் சொன்னது இது' என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை வாசித்தேன்.

ஷுக்ரியா கையால் வாயைப் பொத்தினாள். அவள் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லையே. என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். இன்னொருமுறை. வாசித்தேன். மறுபடி விரல். மூன்றாம் முறை வாசித்து முடித்ததும் எழும்பி நடந்தார். தொப்பி மேசையிலேயே கிடந்தது. ஷுக்ரியா அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய் வரவில்லை. வியாழன் வரவில்லை. நான் மட்டும் அந்த மேசையில் இரண்டு தேத்தண்ணி வாங்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அடுத்த செவ்வாயும் இல்லை. நான் செய்தது சரிதானா என்று கேட்கவும் ஆள் இல்லை. அம்மா இருந்தால், 'ஒங்களுக்கு எல்லாம் படிப்பிக்கத்தான் தெரியும்' என்றிருப்பா.

நேற்று வந்தார். ஷுக்ரியாவும் கூட. அவர்களுக்கு இப்போது நோன்பு மாதம். தேத்தண்ணி இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் மேசை. உட்கார்ந்து நீண்ட நேரம் கதைத்தார். அவள் எனக்குச் சொன்னாள்.

ஃபரித் வெளிநாட்டுப் பட்டாளத்தோடு வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர் மறித்திருக்கிறார். போனால் இந்த வாசலுக்கு வராதே என்றிருக்கிறார். அவன் போனான். செப்டெம்பரில், பெருநாளுக்கு, வீட்டாருக்கு உடுப்பு வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். இவர் உள்ளே இருந்தார். ஷுக்ரியா திறக்கப் போனாள், இவர் விடவில்லை. அவன் வெளியே நின்று கொஞ்ச நேரம் தட்டினான், பிறகு ஒரு வசனம் சொன்னான், பிறகு உடுப்புப் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு மாதத்தில் உடல் வந்தது.

அந்த வசனம்தான், மகன். 'அப்பா, கதவைத் திறவுங்கோ.'

ஷுக்ரியா என்னைப் பார்த்து, அங்கிள் உங்களுக்குத் தண்ணி வேணுமா என்று கேட்டாள். நோன்பாளிகளுக்கு முன்னால் எப்படிக் குடிப்பது.

உன்னைப் பற்றி அவர் சொன்னதையும் மறைக்கக் கூடாது. 'நானும் என்ர ஆளைத்தான் முதல்ல இழுத்திருப்பன்' என்றார். 'அதால எனக்குக் கோவம் இல்லையெண்டு நினைக்க வேண்டாம். கோவம் இருக்கு. கடிதத்தோட கோவிக்க ஏலாது. அவனை வரச் சொல்லுங்கோ.' பதக்கத்தைப் பற்றி ஷுக்ரியா கேட்டாள். அவர் கையை அசைத்தார். அது வேண்டாமாம். அந்த வசனத்தை நீ உன் வாயால் சொல்லிக் கேட்க வேண்டுமாம்.

என் பங்குக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். என் தம்பியும் பஸ்ஸில் ஏறிய பிறகு எங்கேயோ ஓரிடத்தில் யாரையோ கூப்பிட்டிருப்பான். அதை ஒருவன் கேட்டிருப்பான். அவன் அதை மறந்துவிட்டான், அல்லது மறந்துவிட்டதாக இருந்துவிட்டான். நீ விளங்காத ஒரு வரியைப் பதின்மூன்று வருசம் ஒரு எழுத்துச் சிந்தாமல் வைத்திருந்து உரியவரிடம் சேர்த்தாய். சீருடை போட்டவர்களில் அப்படி ஒருவனுக்காகத்தான் நான் இவ்வளவு காலமும் காத்திருந்தேன். அவன் கதவுக்கு வெளியே நின்றது தெரியாமல்.

வா.

அப்பா

———

ஹம்
31 மார்ச் 2024

அப்பாவுக்கு,

மே 4, சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு விமானம் இறங்கும். மதுராவை அனுப்ப வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன். பஸ்ஸில் வந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். எட்டு நாள் லீவு.

அந்த வசனத்தை இப்போது அர்த்தம் தெரிந்து சொல்லிப் பார்க்கிறேன். முடியவில்லை. முன்பு இலகுவாக இருந்தது.

அவர் கோபித்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

கிருஷாந்

———

மில்லிக்கன்
14 ஏப்ரல் 2024

மனே கிருஷாந்,

இன்று சித்திரை வருசம். மதுரா பொங்கல் கொண்டு வந்தாள். கயூமுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். இனிப்புக் கூடிப்போச்சு என்று சொல்லி, இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் கோபித்தால் ஒன்றும் செய்யாதே. இருந்து கேள். அது ஒன்றுதான் நமக்குச் செய்ய இருக்கிறது. நான் பக்கத்தில் இருப்பேன்.

இப்போது முக்கியமான விசயம். கவனமாக வாசி. இந்தக் கட்டடத்துக்கு மணி இல்லை. கீழ் வாசலில் இலக்கங்கள் உள்ள ஒரு பெட்டி இருக்கிறது. அதில் 0614 அமத்தினால் என் போன் அடிக்கும். நான் எடுத்து ஒன்பதை அழுத்தினால் கீழ்க் கதவு திறக்கும். அம்மா போன பிறகு இங்கே தனியாகக் குடிவந்த இந்த ஒன்றரை வருசத்தில் நான் அதை ஒருமுறையும் செய்ததில்லை. மதுராவிடம் சாவி இருக்கிறது, வேறு ஒருவரும் வருவதில்லை. போன வெள்ளிக்கிழமை அவளிடம் கேட்டுப் பழகினேன். முதல் தரம் ஒன்பதை அழுத்துவதற்குப் பதிலாகப் போனை வைத்துவிட்டேன்.

இன்று கயூமைக் கீழே அனுப்பி, வெளியே நின்று அமத்தச் சொன்னேன். போன் அடித்தது. எடுத்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது கேட்டது. பிறகு அவர் அந்த வசனத்தைச் சொன்னார். பகிடியாகச் சொன்னாரோ எப்படியோ, எனக்குத் தெரியவில்லை. ஒன்பதை அழுத்தினேன். திறந்தது. அவர் மேலே வராமல் வெளியே போய் நின்று மறுபடி அமத்தினார். நாலு தரம் செய்தோம். ஐந்தாம் தரம் காவலாளி வந்து என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறான். கயூம் அவனுக்கு, 'ஸன் கம்மிங்' என்று விளக்கம் சொன்னாராம். யாருடைய மகன் என்று அவன் கேட்கவில்லை.

மே 4ஆம் திகதி போன் என் கையிலேயே இருக்கும். பெட்டி வலப் பக்கச் சுவரில் இருக்கிறது. அதில் நான் கதைப்பது உனக்குக் கேட்காமல் போகலாம். அதைப் பற்றி யோசிக்காதே. அமத்திவிட்டுக் கதவில் கையை வைத்துப் பார். உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருக்கும். அப்போது தள்ளு.

மேலே வந்ததும் நான் உன் இடப் பக்கத்தில் நிற்பேன்.

அப்பா